நாள் முழுக்க நின்னா கால்ல இருக்கிற ரத்தம் எப்படி மேல ஏறுது? (நரம்பு சுருட்டல், கால் வீக்கம், இதயம்)

செல்வி_தென்காசி

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டுப் பிரிவுல வேலை பாக்குறேன். காலைல ஒன்பதரைக்கு ஏறினா ராத்திரி ஒன்பதரை. சாப்பாட்டு நேரம் தவிர உட்கார முடியாது. ஸ்டூல் இருக்கு, ஆனா அது கஸ்டமருக்கு.

இடது கால்ல முட்டிக்குக் கீழ உள்பக்கமா நரம்பு புடைச்சு நெளிஞ்சு நிக்குது. சாயங்காலம் ஆனா கணுக்கால் வீங்கிடும். செருப்பு வார் பதிஞ்ச பள்ளம் ராத்திரி தூங்கப் போற வரைக்கும் மறையாது. ஹாஸ்டல்ல படுத்து காலைத் தூக்கி சுவத்துல வச்சா கொஞ்ச நேரத்துல அந்த நரம்பு அமுங்கிக் காணாமப் போயிடுது. எழுந்து நின்னா பத்து எண்ணுறதுக்குள்ள திரும்பப் புடைக்குது.

டாக்டர்கிட்ட போகத்தான் போறேன், மருந்து கேக்கல. எனக்கு இது புரியணும். இதயம் நெஞ்சுல இருந்து தள்ளுது, ரத்தம் காலுக்கு இறங்குது, சரி. விரல் நுனி வரைக்கும் போனது நாலடி உயரம் ஏறித் திரும்பி வரணுமே, அதை யார் தூக்குறா? பத்தாவதுல இதயம் படம் வரைஞ்சு பாகம் குறிச்சேன், அதுக்கு மேல யாரும் சொல்லித் தரல.

---

தாராபுரத்தான்

நல்ல கேள்விங்க தங்கச்சி. எங்க கெணத்து மோட்டாருக்கு அடிக்குழாய் நுனியில புட் வால்வுன்னு ஒண்ணு மாட்டியிருப்போம். மேல ஏறுற தண்ணிய விடும், கீழ இறங்க விடாது. அது தேஞ்சு போச்சுன்னா குழாயில நிக்கிற தண்ணி பூரா கெணத்துக்கே இறங்கிரும், மோட்டார் சும்மா சுத்தும். கால் ரத்தக்குழாய்லயும் அதே மாதிரி வால்வு வரிசையா இருக்குதுங்க. உங்களுக்கு அது தேஞ்சிருக்குது. எங்க அம்மாவுக்கும் இதேதான், நாலு புள்ள பெத்தவங்க.

---

அறிவியல்_வாத்தியார்

தாராபுரத்தார் சொன்னதில் பாதிதான் சரி. கிணற்று மோட்டார் தண்ணீரை உறிஞ்சுகிறது. இதயத்துக்கு உறிஞ்சும் வேலை மிகக் குறைவு. அது தள்ளும் கருவி. செல்வி கேட்ட "யார் தூக்குகிறார்கள்" என்ற கேள்வியும் இந்த இடத்தில்தான் சிக்குகிறது.

பள்ளியில் U வடிவக் குழாய் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் தண்ணீர் ஊற்றினால் மறு கையில் அதே மட்டத்துக்குத் தானாக ஏறி நிற்கும். யாரும் தூக்குவதில்லை. இறங்கும் பக்கத்தின் எடையே ஏறும் பக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. இதயத்திலிருந்து பாதத்துக்கு இறங்கும் தமனி ஒரு கை, பாதத்திலிருந்து இதயத்துக்கு ஏறும் சிரை (நீங்கள் நரம்பு என்று சொல்வது இதைத்தான்) மறு கை. புவியீர்ப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இழுக்கிறது.

எண்ணில் பார்ப்போம். நிற்கும்போது இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே ஏறக்குறைய 120 செ.மீ. அந்த உயர ரத்தத்தின் எடை மட்டுமே 90 மி.மீ. பாதரச அழுத்தம். இதய மட்டத்தில் தமனியின் சராசரி அழுத்தம் 95 என்றால் பாதத்துத் தமனியில் 185 இருக்கும். பாதத்துச் சிரையிலோ 90-ஐ ஒட்டி இருக்கும். வித்தியாசம் படுத்திருக்கும்போது உள்ளதேதான். அந்த வித்தியாசம்தான் ரத்தத்தைச் சுற்ற வைக்கிறது. ஆகவே நின்றபடி இருந்தாலும், உட்கார்ந்தாலும், படுத்தாலும் "மேலே தூக்கும்" கூடுதல் வேலை என்று இதயத்துக்குத் தனியாக ஒன்று கிடையாது.

---

செல்வி_தென்காசி

சார், அப்படின்னா நின்னா ஒண்ணும் ஆகக்கூடாதே. என் கால் வேற சொல்லுதே.

---

அறிவியல்_வாத்தியார்

அதற்குத்தான் வருகிறேன். பள்ளிக்கூடத்து U குழாய் கண்ணாடி. உங்கள் சிரை அப்படி இல்லை; சுவர் மெல்லியது, அழுத்தினால் விரியும். தமனிச் சுவர் தடித்தது, தசை நிறைந்தது, 185 வந்தாலும் அதிகம் விரியாது. சிரை 90 வந்தாலே உப்பிவிடும். உப்பிய குழாயில் ரத்தம் தங்கும். படுத்திருப்பவர் எழுந்து நின்ற சில விநாடிகளில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் நெஞ்சுப் பகுதியை விட்டு இடுப்புக்குக் கீழே இறங்கி விடுகிறது. உடம்பில் மொத்தமே 5 லிட்டர்தான்.

இன்னொன்று. எந்த நேரமும் நம் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவு சிரைகளில்தான் இருக்கிறது. தமனிகளில் இருப்பது ஏழில் ஒரு பங்கு. நாம் நாடி பிடித்துப் பார்ப்பது அந்தச் சின்னப் பங்கை.

---

நைட்_டூட்டி

வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ், ரத்தநாள வார்டில் சில வருஷம் இருந்தேன். வாத்தியார் சார் பௌதிகம் சொல்லிட்டார், வால்வு எங்கே வருதுன்னு நான் சொல்றேன்.

அசையாம நிக்கும்போது வால்வால பெரிய பிரயோஜனம் இல்ல. ரத்தம் மெதுவா மேல போய்க்கிட்டே இருக்கும், வால்வெல்லாம் திறந்துதான் இருக்கும். பாதத்துல இருந்து இதயம் வரைக்கும் ஒரே தொடர் ரத்தம். அதான் அந்த 90.

இப்ப ரெண்டு அடி நடங்க. கெண்டைக்கால் சதை இறுகுது. சதைக்கு உள்ள இருக்கிற ஆழ்சிரை நசுங்குது, ரத்தம் மேல பீய்ச்சப்படுது. கீழ போகப் பார்க்கிறதை வால்வு மூடித் தடுக்குது. சதை தளர்ந்ததும் மேல போனது திரும்பி இறங்காம மேல் வால்வு மூடிக்குது. நீளமா நின்ன ரத்தம் துண்டு துண்டாயிடுது, கீழ இருக்கிற துண்டோட எடை மட்டும்தான் பாதத்துல விழும். நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்திலேயே பாதத்துச் சிரை அழுத்தம் 90-லேர்ந்து 20, 30-க்கு இறங்கிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம்னு சொல்றது இதனாலதான்.

வால்வு கெட்டுப்போனவங்களுக்கு நடந்தாலும் அந்த அளவு இறங்காது. மேல தள்ளினது உடனே வழிஞ்சு கீழ வந்துடும்.

செல்விம்மா, நீங்க எழுதினதுல ஒரு வரி என் கண்ணுல பட்டுது. எழுந்து நின்னா பத்து எண்ணுறதுக்குள்ள புடைக்குதுன்னு சொன்னீங்க. நல்ல கால்ல காலியான சிரை கீழேர்ந்து நுண்குழாய் (தமனியையும் சிரையையும் இணைக்கிற ரொம்ப மெல்லிய குழாய்) வழியாதான் நிறையணும், அதுக்கு நேரம் எடுக்கும். உடனே நிறையுதுன்னா மேலேர்ந்து கொட்டுதுன்னு அர்த்தம். பெரும்பாலும் தொடை இடுக்குல இருக்கிற முதல் வால்வுல கசிவு இருக்கும். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேன்ல தெளிவாத் தெரிஞ்சுடும். நிக்க வச்சு எடுக்கச் சொல்லுங்க, படுக்க வச்சு மட்டும் எடுத்தா கசிவு தப்பிடலாம்.

---

தாராபுரத்தான்

அப்ப புட் வால்வு சரிதானுங்களே வாத்தியாரே.

---

அறிவியல்_வாத்தியார்

நடக்கும் காலுக்குச் சரி. நிற்கும் காலுக்கு இல்லை. சமரசம்.

---

ரத்தப்பரிசோதகன்

லேப்ல இருக்கேன். இந்த வால்வைக் கண்ணால பார்க்கலாம், மெஷின் வேண்டாம். தினமும் ரத்தம் எடுக்கும்போது எனக்குத் தொல்லையே அதுதான். ஊசி சரியா வால்வு மேல போய் முட்டினா ரத்தம் வராது.

ஒல்லியா, நரம்பு நல்லாத் தெரியிற ஆள் ஒருத்தரோட கையை எடுத்துக்கோங்க. முழங்கைக்கு மேல ஒரு துணியால கட்டுங்க, ரத்தம் எடுக்கக் கட்டுற அளவுக்கு. முன்கையில நீளமா ஒரு சிரை புடைக்கும். அதுல அங்கங்க சின்ன முடிச்சு தெரியும். முடிச்சு இருக்கிற இடம்தான் வால்வு. இப்ப மணிக்கட்டுப் பக்கமா ஒரு விரலால சிரையை அழுத்திப் பிடிங்க, எடுக்காதீங்க. இன்னொரு விரலால அங்கேர்ந்து முழங்கைப் பக்கமா ரத்தத்தை வழிச்சு, முடிச்சுக்கு மேல கொண்டு போய் விட்டுடுங்க. முடிச்சுக்கு மேல நரம்பு புடைச்சே இருக்கும், கீழ காலியாத் தட்டையா இருக்கும். மேல இருக்கிற ரத்தத்தை விரலால கீழ தள்ளிப் பாருங்க, முடிச்சைத் தாண்டாது. முதல் விரலை எடுத்தா கீழேர்ந்து சர்ருன்னு நிறையும்.

இதை இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி 1628-ல பிராங்பர்ட்டில் அச்சான புத்தகத்துல படத்தோட போட்டிருக்கார். அந்த வால்வுகளை அவருக்குக் காட்டினது பாதுவா பல்கலைக்கழகத்துல அவரோட வாத்தியார் ஃபப்ரிசியஸ். ஆனா வாத்தியாருக்கு அது எதுக்குன்னு பிடிபடல. கால்ல ரத்தம் அதிகமா இறங்கித் தேங்கிடாம வேகத்தைக் குறைக்கத்தான் இருக்குன்னு எழுதி வச்சார். ரத்தம் இதயத்தை நோக்கித்தான் போகும்னு அதைத் திருப்பிப் பார்த்தது மாணவர்.

---

மதுரைக்காரன்

இப்பதான் என் தம்பி கையில செஞ்சு பார்த்தோம். முடிச்சுக்குக் கீழ நிஜமாவே காலியா நிக்குது! வீட்டுல எல்லாரும் வரிசையா கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அம்மாவுக்கு மட்டும் தெரியல.

---

ரத்தப்பரிசோதகன்

சிரை ஆழமா இருந்தா தெரியாது, அம்மாவை விட்டுடுங்க. கட்டை ரெண்டு நிமிஷத்துக்கு மேல வைக்காதீங்க.

ஹார்வியோட கணக்கும் நல்லா இருக்கும். அதுவரைக்கும் ஆயிரத்து நானூறு வருஷமா, ரோமாபுரி காலத்து மருத்துவர் கேலன் சொன்னதுதான் வேதம். சாப்பாட்டுலேர்ந்து கல்லீரல் ரத்தம் செய்யுது, உறுப்புகள் அதைக் குடிச்சுத் தீர்க்குதுன்னு. ஹார்வி, இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு தள்ளுதுன்னு வேணும்னே ரொம்பக் குறைச்சு வச்சுக் கணக்குப் போட்டார். அப்பவும் அரை மணி நேரத்துல உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்தையும் தாண்டுச்சு. நமக்குத் தெரிஞ்ச எண்ணைப் போட்டா, துடிப்புக்கு 70 மி.லி., நிமிஷத்துக்கு 70 துடிப்பு, நிமிஷத்துக்கு 5 லிட்டர் கிட்ட. ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். எவ்வளவு தின்னாலும் இவ்வளவு ரத்தம் செய்ய முடியாது. அதே ரத்தம்தான் சுத்தி வரணும்.

அவரால காட்ட முடியாதது ஒண்ணுதான்: தமனியிலேர்ந்து சிரைக்கு எப்படித் தாண்டுது? மார்செல்லோ மால்பிகி 1661-ல தவளை நுரையீரலை நுண்ணோக்கியில பார்த்து நுண்குழாய்களைக் கண்டுபிடிச்சார். ஹார்வி செத்து நாலு வருஷம் ஆகியிருந்துச்சு.

---

பகிர்வோன்

நண்பர்களே அரிய தகவல்!! மனித உடலில் உள்ள ரத்தக்குழாய்களை நீட்டி வைத்தால் 1,00,000 கிலோமீட்டர்! பூமியை இரண்டரை முறை சுற்றலாம்!! படைப்பின் அதிசயம்!! 🙏🙏

---

கணக்குப்புலி

பகிர்வோன் அண்ணே, இதை நானும் பள்ளியில ஒப்பிச்சேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா டென்மார்க்ல ஆகஸ்ட் குரோக்னு ஒருத்தர், நுண்குழாய் ஆராய்ச்சிக்காக 1920-ல நோபல் வாங்கினவர். அவர் ஒரு உத்தேசக் கணக்குப் போட்டார். அந்த உத்தேசம்தான் இன்னிக்கு வரைக்கும் வாட்ஸாப்ல ஓடிக்கிட்டு இருக்கு.

அவர் எடுத்தது 50 கிலோ தசை உள்ள ஒரு ஆள். தசையில ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுமுகத்துக்கு 2,000 நுண்குழாய். 50 கிலோ தசைன்னா சுமார் 5 கோடி கன மில்லிமீட்டர். 2,000-ஆல பெருக்கினா 10,000 கோடி மில்லிமீட்டர், அதாவது 1 லட்சம் கி.மீ. பெருக்கல் சரி. ஆனா 50 கிலோ தசை யார்கிட்ட இருக்கு? தசை மட்டுமே 50 கிலோன்னா ஆள் மல்யுத்த வீரனா இருக்கணும். சாதாரண ஆளுக்கு 25, 30 கிலோ வரும். மனுஷத் தசையில சதுர மில்லிமீட்டருக்கு 300, 400 நுண்குழாய்தான்னு பின்னாடி எண்ணினவங்க சொல்றாங்க. 2.5 கோடி பெருக்கல் 400, ஆயிரம் கோடி மில்லிமீட்டர். 10,000 கி.மீ. மத்த உறுப்புகளையும் சேர்த்தாலும் லட்சத்தைத் தொடாது.

---

பகிர்வோன்

10,000 கி.மீ.யும் அதிசயம்தானே தம்பி 🙏

---

கணக்குப்புலி

அதுல எனக்கு மறுப்பே இல்லண்ணே.

எனக்கு அதைவிட ஆச்சரியம் அகலம். சிவப்பணு அகலம் 7, 8 மைக்ரோமீட்டர். நுண்குழாய் பல இடத்துல அதைவிடக் குறுகல். அணு மடங்கி, நெளிஞ்சு, ஒத்தை வரிசையில போகுது. வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ. பெருந்தமனியில பாஞ்சது அங்க நகருது. ஆக்சிஜன் இறங்க அந்த நிதானம் வேணும். இந்த மடங்கல் நெளியலை ஒரு சிவப்பணு 120 நாள் தாங்கும், அப்புறம் மண்ணீரலும் கல்லீரலும் பிடிச்சுப் பிரிச்சுடும்.

---

மதுரைக்காரன்

எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்ன பைபாஸ் ஆச்சு. கால்லேர்ந்து நரம்பை எடுத்து நெஞ்சுல வச்சாங்க. கணுக்கால்லேர்ந்து முட்டி வரைக்கும் தையல் தழும்பு இருக்கு. இந்த இழையைப் படிச்சதும் கேக்கத் தோணுது. ஒண்ணு, அந்த நரம்புலயும் வால்வு இருக்குமே, இதயத்துல வச்சா அடைச்சுக்காதா? ரெண்டு, அதை எடுத்தப்புறம் கால் ரத்தம் எந்த வழியா மேல வருது?

---

நைட்_டூட்டி

ரெண்டுமே நல்ல கேள்வி தம்பி. முதல் கேள்விக்குப் பதில் சின்னது: தலைகீழாத் திருப்பித் தைப்பாங்க. கணுக்கால் பக்கம் இருந்த முனை பெருந்தமனிக்கு, தொடைப் பக்கம் இருந்த முனை இதயத் தமனிக்கு. வால்வு திறக்கிற திசையும் ரத்தம் போற திசையும் ஒண்ணாயிடும். தியேட்டர்ல நரம்பை எடுத்து மேசையில வைக்கும்போதே எந்த முனை எதுன்னு அடையாளம் வச்சுடுவாங்க. ரெனே ஃபவலோரோங்கிற அர்ஜென்டினா டாக்டர் 1967-ல அமெரிக்காவுல கிளீவ்லாந்துல கால் சிரையை வச்சு இதைச் செஞ்சு காட்டினார், அதுக்கப்புறம்தான் பரவுச்சு.

ரெண்டாவது. கால் ரத்தத்துல பத்துல ஒன்பது பங்கு சதைக்கு உள்ள போற ஆழ்சிரை வழியாதான் ஏறுது. எடுக்கிறது தோலுக்குக் கீழ ஓடுற மேல்சிரை. அது போனா கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும், பிறகு பழகிடும். செல்விக்குப் புடைக்கிறதும் அதே மேல்சிரைக் கூட்டம்தான்.

ஆனா சிரை சிரைதான். பத்து மி.மீ. அழுத்தத்துக்குப் பொறந்ததை நூறுல கொண்டு வச்சா சுவர் தடிச்சு, உள்ள கொழுப்புப் படியும். பத்து வருஷத்துல பாதிக்குப் பக்கம் பழுதாகும். நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கம் ஓடுற மார்புத் தமனியை வச்சுத் தச்சது பத்து வருஷம் கழிச்சும் பத்துல ஒன்பது பேருக்கு ஓடிக்கிட்டு இருக்கும். அதனாலதான் இடதுபக்க முக்கியத் தமனிக்கு அதையே வைக்கப் பார்ப்பாங்க. அப்பா கொழுப்பு மாத்திரையை நிறுத்தாம பார்த்துக்கோங்க. சிகரெட் உண்டா?

---

மதுரைக்காரன்

நிறுத்திட்டாரு. பீடி.

---

தாராபுரத்தான்

எங்க பள்ளிக்கூடத்துல காலைப் பிரேயர்ல வாரத்துக்கு ஒரு புள்ள மயங்கி விழும். வெயிலுன்னு சொல்லுவாங்க, காலைல சாப்பிடலைன்னு சொல்லுவாங்க. இதுவும் இந்தக் கணக்குலதான் வருமுங்களா?

---

அறிவியல்_வாத்தியார்

முழுக்க முழுக்க. முப்பத்தொரு வருடம் பிரேயரில் நின்றவன் சொல்கிறேன், விறைப்பாக நிற்கும் பிள்ளைதான் விழும். "நேர் நில்" என்று சொல்லி அசையாமல் நிறுத்தினால் கெண்டைக்கால் வேலை செய்வதில்லை. ரத்தம் காலில் தேங்கும். நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களுக்குள் போகும். துளி அசைவில்லாமல் 15 முதல் 30 நிமிடம் நின்றால் ரத்தக் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் வரை குழாயை விட்டே வெளியேறி விடலாம்.

இதயத்துக்கு ஒரு குணம் உண்டு. ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்கும் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் சோதனை செய்து காட்டியது: எவ்வளவு ரத்தம் வந்து அறையை விரிக்கிறதோ அதற்கேற்ற விசையுடன் அது சுருங்கும். வரத்துக் குறைந்தால் தள்ளுவதும் குறையும். இல்லாததை அது எங்கிருந்து தள்ளும்? கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கவனித்து, துடிப்பைக் கூட்டி, குழாய்களை இறுக்கிச் சிறிது நேரம் சமாளிக்கும். ஒரு கட்டத்தில் சிலருக்கு எல்லாம் தலைகீழாகும். துடிப்பு சட்டென்று விழும், குழாய்கள் தளரும், மூளைக்கு ரத்தம் போதாது, பிள்ளை சாய்ந்து விடும்.

சாய்வதுதான் மருந்தும். படுத்ததும் கால் ரத்தம் இதயத்துக்கு ஓடி வரும். நம் ஊரில் விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தி முகத்தில் தண்ணீர் அடித்து சோடா புகட்டுவார்கள். அதைவிடக் கெடுதல் கிடையாது. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், போதும். நினைவு வராமல் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நிற்கும்போது முன்காலில் எழும்பி எழும்பி இறங்கச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பேர் விழ மாட்டார்கள். நான் என் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். தலைமையாசிரியருக்கு வரிசை ஆடுவது பிடிக்கவில்லை.

---

நாட்டு_வைத்தியம்

இதெல்லாம் கெட்ட ரத்தம் தேங்கி நிற்பது. நீலமாகத் தெரிவதே சாட்சி. அட்டை விட்டு அந்தக் கெட்ட ரத்தத்தை வெளியேற்றினால் நரம்பு அமுங்கிவிடும். நல்லெண்ணெய் தடவி அழுத்தி நீவவும்.

---

ரத்தப்பரிசோதகன்

ஐயா, தினமும் சிரை ரத்தம்தான் குழாய்ல பிடிக்கிறேன். நீலம் இல்ல, கருஞ்சிவப்பு. தோல் வழியா வெளிச்சம் போய் வர்றதுல நமக்கு நீலமாத் தெரியுது. கெட்டுப்போனதும் இல்ல. ஓய்வா இருக்கிற ஆளோட இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தத்துல ஹீமோகுளோபின் இன்னும் முக்கால்வாசி ஆக்சிஜனோடதான் இருக்கு. அதை நுரையீரல்ல மறுபடி நிரப்பிக்கிட்டு போயிடும். வடிச்சு ஊத்தினா சோகைதான் மிச்சம். வால்வு கசியிற வரைக்கும் வடிச்ச இடம் உடனே நிறையும்.

---

நைட்_டூட்டி

நீவுறதைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும். மெதுவா கீழேர்ந்து மேல தடவினா ஆபத்தில்ல. ஆனா அழுத்தி நீவாதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, கெண்டைக்கால் வலிச்சு, சூடா இருந்தா அது ஆழ்சிரையில ரத்தக்கட்டியா இருக்கலாம். நீவினா கட்டி பிச்சுக்கிட்டு இதயம் வழியா நுரையீரல்ல போய் அடைச்சுடும். அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா 108-ஐக் கூப்பிடுங்க, காத்திருக்க வேண்டாம்.

இன்னொண்ணு, சுருட்டின நரம்பு சில சமயம் அடிபட்டோ சொறிஞ்சோ உடைஞ்சுடும். ரத்தம் பீய்ச்சி அடிக்கும், பார்க்கிறவங்க பயந்து தொடையில இறுக்கிக் கட்டிடுவாங்க. கட்டினா மேல போற வழிதான் அடைபடும், இன்னும் அதிகமா வரும். படுக்க வச்சு, காலை இதயத்துக்கு மேல தூக்கி, உடைஞ்ச இடத்துல சுத்தமான துணியை வச்சு விரலால அழுத்துங்க. நின்னுடும்.

வீக்கம்னா எல்லாம் சுருட்டலும் இல்ல. ரெண்டு காலும் சமமா வீங்கினா இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூணையும் பார்க்கணும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுறவங்களுக்கும் கணுக்கால் வீங்கும். அது சிறுதமனியை விரிச்சு விட்டுடுது, நுண்குழாய்ல அழுத்தம் ஏறி நீர் கசியுது. டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை தருவார், நீங்களா நிறுத்தாதீங்க.

---

தொழிற்சங்கத்_தோழர்

தோழர் செல்வி, எல்லாரும் காலைப் பார்க்கிறாங்க, நான் கடையைப் பார்க்கிறேன். ஸ்டூல் கஸ்டமருக்கு மட்டும்னு சொல்ல உங்க முதலாளிக்கு உரிமை கிடையாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஐ 2021-ல திருத்தி, 22-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. ஒவ்வொரு கடையிலயும் எல்லா ஊழியருக்கும் இருக்கை போடணும், வேலைக்கு இடையில உட்கார வாய்ப்பு வரும்போது உட்கார்ந்துக்கலாம். கேரளா 2018-லயே கொண்டு வந்துடுச்சு. அங்க அது சும்மா வரல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல ஜவுளிக்கடைப் பெண்கள் விஜி தலைமையில 'பெண்கூட்டு'ன்னு சேர்ந்து, மூத்திரம் போக இடம் கேட்டு ஆரம்பிச்ச போராட்டம், உட்காரும் உரிமை வரைக்கும் போச்சு.

இங்க பல கடையில ஸ்டூலை வாங்கி கேமராவுக்குத் தெரியிற மாதிரி அடுக்கி வச்சிருக்காங்க. உட்கார்ந்தா ஃப்ளோர் மேனேஜர் முறைப்பார். சட்டம் இருக்கு, முறைப்புக்குத் தண்டனை இல்ல. தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர்கிட்ட பெயர் போடாமலும் புகார் கொடுக்கலாம்.

---

செல்வி_தென்காசி

தோழர், நாங்க ஒரு மாடியில நாப்பது பேர். உட்கார்ந்தா பாயின்ட் குறைப்பாங்க. புகார் எழுதினா யார் எழுதினதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. யோசிக்கிறேன்.

நர்ஸம்மா, ஒரு சந்தேகம். நான் நிக்கிறேன்னாலும் சும்மா நிக்கலையே. சேலை எடுக்க ரெண்டடி, மடிக்க ரெண்டடின்னு நடந்துக்கிட்டேதான் இருக்கேன். அப்புறமும் ஏன்?

---

நைட்_டூட்டி

ரெண்டடி நடை கெண்டைக்காலுக்குப் போதாது. குதிகால் தரையை விட்டு எழும்பணும். கவுன்ட்டருக்குள்ள நீங்க பாதத்தைத் தேய்ச்சு நகர்றீங்க, அதுல சதை முழுசா இறுகாது. குதிகாலைத் தூக்கி இறக்கி ஒரு தடவைக்கு இருபது, மணிக்கு ரெண்டு மூணு தடவை. கவுன்ட்டர் மறைப்புல யாருக்கும் தெரியாது. மூச்சையும் ஆழமா இழுங்க. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறைஞ்சு வயித்துல கூடும், சிரை ரத்தம் மேல ஏறும்.

ஆனா உண்மையைச் சொல்லணும். வால்வு ஒரு தடவை கெட்டா பயிற்சியில திரும்ப முளைக்காது. சிரை விரிஞ்சா வால்வோட ரெண்டு இதழும் ஒண்ணை ஒண்ணு தொடாது, கசியும். கசிஞ்சா இன்னும் விரியும். அம்மா, பாட்டிக்கு இருந்தா உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். நிக்கிற வேலை, பிரசவம், உடல் எடை எல்லாம் மேல கூடுற பாரம். பயிற்சியும், காலை இறுக்கிப் பிடிக்கிற மருத்துவக் காலுறையும் இது முத்துற வேகத்தைக் குறைக்கும், வீக்கத்தைக் குறைக்கும். கணுக்கால் உள்பக்கம் தோல் கறுத்து, அரிச்சு, புண்ணு வர்ற நிலைக்குப் போகாமத் தடுக்கும். அந்தப் புண்ணு ஆறுறதுக்குள்ள மாசக்கணக்காகும், வார்டுல நிறையப் பார்த்திருக்கேன். அதுல பாதிப் பேர் ஹோட்டல் மாஸ்டரும் டிராபிக் போலீஸும்.

கசியிற சிரையை அடைக்க இப்ப லேசர், ரேடியோ அலை ரெண்டும் இருக்கு. தொடையில சின்ன ஊசித் துளை வழியா உள்ள விட்டு சுட்டு மூடிடுவாங்க. அன்னிக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். ரத்தம் ஆழ்சிரை வழியா போய்க்கும். தனியார்ல செலவு அதிகம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கு, முதல்ல அங்க காட்டுங்க.

---

கணக்குப்புலி

சிஸ்டர், அந்தக் காலுறை மெடிக்கல்ல கேட்டா ஏகப்பட்டது காட்டுறாங்க. என் அத்தைக்கும் வாங்கணும். அவங்களுக்குச் சுகரும் இருக்கு. எதை வாங்குறது?

---

நைட்_டூட்டி

சுகர் இருந்தா முதல்ல கால் தமனி ஓட்டம் சரியா இருக்கான்னு பார்க்காம வாங்காதீங்க. தமனியில அடைப்பு இருக்கிற காலுக்கு இறுக்கமான காலுறை போட்டா விரல் கறுத்துடும். கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பாங்க, வலியில்லாத சோதனை.

தமனி நல்லா இருந்தா, சுருட்டலுக்கு சாதாரணமா 20 முதல் 30 மி.மீ. அழுத்தம் உள்ளதை எழுதுவாங்க. முட்டி வரைக்கும் உள்ளது பெரும்பாலானவங்களுக்குப் போதும், தொடை வரைக்கும் வாங்கினா சென்னை வெயிலுக்கு ரெண்டே நாள்ல கழட்டிப் போட்டுடுவீங்க. கணுக்கால்ல இறுக்கம் அதிகமா, மேல போகப் போகக் குறையணும். துணிக்கடையில கிடைக்கிற சாதா டைட் சாக்ஸ் அப்படி இருக்காது. அளவு காலைல படுக்கையை விட்டு எழுந்ததும் எடுங்க: கணுக்காலோட மெல்லிசான இடத்துச் சுற்றளவு, கெண்டைக்காலோட தடிமனான இடத்துச் சுற்றளவு, தரையிலேர்ந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் உயரம். சாயங்காலம் வீங்கின காலுக்கு அளவெடுத்தா லூசாயிடும். கால்ல பவுடர் தூவிட்டு, நிக்குறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். ராத்திரி கழட்டித் துவைச்சு நிழல்ல காயப் போடுங்க. ஆறு மாசத்துல இழுவை போயிடும், புதுசு வாங்கணும்.